டிப்போக்காரியும் என் அண்ணனின் கேதமும்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் சாவுச் செய்தியைக் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒருபக்கம் ரொட்டி வாட்டுகிற வாசனை, இன்னொருபக்கம் தேநீர்க் கோப்பைகளின் சத்தம். நடுவில் மேலாளர் வந்து நின்று, "நேற்று சாயங்காலம் ஆர்தர் காலமாகிவிட்டார், அமைதியாகத்தான் போனார்" என்பார். எதிரே இருக்கும் தொண்ணூறு வயதுக்காரர்கள் கரண்டியைக் கீழே வைப்பார்கள். யாராவது ஒருவர், "நல்ல மனுஷன், சீட்டாட்டத்தில் மட்டும் ஏமாற்றுவான்" என்பார். பிறகு எல்லோரும் ஜாம் தடவத் தொடங்கிவிடுவார்கள். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இது பொறுக்கவில்லை. தெருவில் ஒருவர் கண்ணை மூடினால், நாலாவது வீட்டில் நெஞ்சுவலிக்காரர் இருக்கிறார் என்று சங்கு ஊதுகிறவரைச் சுற்றுப்பாதையில் அனுப்புகிற மதுரை வில்லாபுரத்திலிருந்து வந்தவள் நான். என்ன ஈரமில்லாத ஜனங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் இல்லத்துக் கூடத்தில் ஒரு தொடர் ஓடும். பெயரைச் சொன்னால் உங்களுக்கு வாயில் நுழையாது, எனக்கே நுழைய வருஷமானது, விட்டுவிடுகிறேன். மலைச்சரிவில் ஒரு சிற்றூர், அதில் நொடித்துப்போன ஒரு பஸ் டிப்போ, அதற்கு மேலாளராக டோரீன் என்று ஒரு குண்டுப் பெண்மணி. கோழி குறுக்கே வந்தால் பஸ்ஸை நிறுத்தி, அதைத் தூக்கிக்கொண்டுபோய் உரியவர் வீட்டில் விட்டுவருகிற ஓட்டுநர் ஒருவர். கண்ணாடியை மறந்துவிட்டு வேறு டிப்போ பஸ்ஸை நாள் முழுக்கப் பழுதுபார்க்கிற மெக்கானிக் ஒருவர். பாதிரியாராக இருந்து, கடவுளோடு மனஸ்தாபம் வந்து, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்க வந்த ஹியூ என்கிற பெரியவர் ஒருவர். வயிறு வலிக்கச் சிரிக்கவைத்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிஷத்தில் அழவைத்துவிடுவார்கள். எங்கள் கிழவிகள் கைக்குட்டையை முன்கூட்டியே மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நானும்தான்.

இந்தத் தொடரில் ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் முழுக் கதையும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே மனிதர் என் அண்ணன் செல்வமாகத்தான் இருக்கும். வில்லாபுரத்தில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையை அடைத்துவிட்டு, கையில் கிரீஸ் போகாமலேயே எனக்குப் போன் போடுவார். "என்னத்தா, டிப்போக்காரி இந்த வாரம் என்னா பண்ணுனா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் சௌக்கியமா என்பதெல்லாம் அப்புறம்தான். நீயே பாரேன் அண்ணே, போனிலேயே வருகிறது என்றால், "இங்கிலீஷு நமக்குத் தோதுப்படாது. நீ சொல்லு, நீ சொன்னாத்தான் ருசியா இருக்கு" என்பார். நான் சொல்கையில் டோரீனுக்குக் கீழவாசல் பூக்காரம்மாவின் குரல் வந்துவிடும். மலைச்சரிவு பஸ்கள் எல்லாம் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து அவனியாபுரத்துக்கு ஓடும். அண்ணன் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து இருமுவார்.

டோரீனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ் எதற்காகத் தாமதமானாலும், யார் செய்தது என்று விசாரிப்பதற்கு முன்னால் பயணியிடம் போய், "என் டிப்போ, என் தப்பு" என்று சொல்லிவிடுவாள். விசாரணை பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, தேநீர் கொடுத்து. அண்ணனுக்கு இது பிடித்துப்போய்ப் பட்டறையில் செய்து பார்த்தார். அவரிடம் வேலை பார்த்த ஒருவர் பிரேக்கைச் சரியாக மாட்டாமல் விட்டு, வண்டிக்காரர் அடிக்க வருகிற மாதிரி வந்திருக்கிறார். "தப்பு என்னுதுண்ணே, கைய நீட்டி அடிச்சிருங்க" என்று அண்ணன் முன்னால் போய் நின்றாராம். மதுரையில் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டே பழக்கமில்லாத அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போய், மறுநாள் மச்சினனுடைய வண்டியையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். "ஒன் டிப்போக்காரி யாவாரத்துக்கும் ஆவா போலருக்கே" என்றார் அண்ணன்.

எங்கள் இருவரையும் அசைத்த கதை ஒன்று உண்டு. டிப்போவை மூடப்போகிறார்கள் என்று மேலிடத்திலிருந்து டோரீனுக்குத் தகவல் வருகிறது. கிறிஸ்துமஸ் வருகிறது, ஓட்டுநர்களின் சந்தோஷத்தை ஏன் கெடுக்கவேண்டும் என்று அவள் அதை மறைத்துவிடுகிறாள். தினம் ஒரு கேக் வாங்கிவந்து வெட்டுகிறாள், அசட்டு ஜோக் சொல்கிறாள். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மற்றவர்கள் கத்துகிறார்கள். ஹியூ மட்டும் மெதுவாக, "நீ எங்களைக் காப்பாற்றவில்லை டோரீன். எங்கள் முகத்தைப் பார்க்கவேண்டிய கஷ்டத்திலிருந்து உன்னைக் காப்பாற்றிக்கொண்டாய்" என்கிறார். அப்புறம் இன்னொன்றும் சொல்கிறார். கடவுள் கெட்டதை நடக்கவிடமாட்டார் என்று நம்பிய காலம் போய்விட்டது, இப்போது எனக்கு இருக்கிற விசுவாசமெல்லாம், எதிரே நிற்கிற மனுஷன் தாங்கிக்கொள்வான் என்பதுதான் என்கிறார்.

இதைச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. "நம்ம அப்பா செத்தப்ப ஒன்னைய என்னன்னு சொல்லிக் கூட்டியாந்தேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். மறக்குமா? திருநெல்வேலியில் நர்சிங் ஹாஸ்டலில் இருந்தேன். அண்ணன் வந்து, அப்பாவுக்குக் காய்ச்சல், உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று அழைத்துப்போனார். வழியில் கோவில்பட்டியில் பஸ் நின்றபோது அப்பாவுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். காய்ச்சல்காரருக்குப் புளிப்பு ஆகாது என்று நானே பொறுக்கியெடுத்த இனிப்புப் பழம். வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்தபோதும் பை கையில்தான் இருந்தது. நம் ஊரில் பிறந்து வெளியூர் போன யாருக்கும் இப்படி ஒரு பஸ் பயணம் இல்லாமல் இருக்காது. "நீ பழம் பொறுக்குனத பாத்துக்கிட்டு நின்னேன் பாரு, அதுக்கு நான் செத்திருக்கலாம்த்தா" என்றார் அண்ணன். அவ்வளவு நாளும் அதைப்பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

இல்லத்தில் என்னை ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பாளராக ஆக்கினார்கள். எனக்குத் தலைமைப் பண்பு என்று வகுப்பெடுத்து யாரும் சொல்லித்தரவில்லை, டோரீனும் ஹியூவும்தான் ஆசிரியர்கள். பணிப்பெண்கள் தப்புச் செய்தால் நோயாளியின் வீட்டாரிடம் நானே போய் நிற்பேன். ஒருவருக்கு நேரம் நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் வழவழா கொழகொழாவென்று பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா இந்த வாரத்தைத் தாண்டமாட்டார்" என்று அந்த மகனிடமோ மகளிடமோ சொல்வேன். முதல் தடவை ஒரு மகளிடம் சொன்னேன். அந்த மகள் அழுதாள், பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலைச் சாப்பாட்டில் சாவைச் சொல்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்ல, எதிரே இருப்பவரை நம்புகிறவர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்படியெல்லாம் தேறியிருந்த என்னிடம்தான் எங்கள் சித்தப்பா போனில், "ஆத்தா, மனச தேத்திக்க" என்றார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு கையும் காலும் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. அம்மாதான் போய்விட்டாள் என்று நினைத்தேன். இல்லை, அண்ணன். ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் அலைந்துகொண்டிருந்தவர் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டார். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. போகவும் முடியாது, வரவும் முடியாது. கூட வேலை பார்க்கும் கேரன் என்னைக் கட்டிக்கொண்டு, அடக்கம் எப்போது, அதற்குள் பாஸ்போர்ட் வந்துவிடுமே என்று கேட்டாள். முடிந்துவிட்டது, இன்றைக்கே முடிந்துவிட்டது என்றேன். அவள் பயந்துபோய், ஏன், ஏதாவது தொற்றுநோயா என்றாள். மூன்று வாரம் வைத்திருந்து புதைக்கிற ஊர்க்காரிக்கு நான் என்னவென்று விளக்குவது? ஆமாம் என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மாவுக்கு அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அதனால் அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று சித்தப்பா முடிவெடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படியும் தெரியும் என்று, அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மேலூர் பக்கம் அண்ணன் மனைவி ராணி மதினி பிறந்த ஊருக்குக் கொண்டுபோய் அங்கேயே முடித்தார்கள். சொந்த வாசலை மிதிக்காமல் ஒருவர் கடைசியாகப் போவது எங்கள் பக்கத்தில் பெரிய குறை. யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், எனக்குப் பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது. அம்மா வீடு திரும்பியதும், செல்வத்துக்குத் துபாயில் திடீரென்று வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டார்கள். தெருவுக்கும் சொல்லிவைத்தார்கள். வில்லாபுரத்தில் ஒரு தெரு மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது என்றால் அது உலக அதிசயம்தான்.

மூன்று மாதம் கழித்து எனக்கு விடுப்பு கிடைத்தது. வாசலிலேயே சித்தப்பா நிறுத்தி, "மூஞ்சிய சிரிச்சாப்புல வச்சுக்கிட்டு உள்ள போ ஆத்தா" என்றார். பெட்டியை இழுத்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ராணி மதினியைப் பார்த்ததும் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். நெற்றியில் வட்டமாகக் குங்குமம். தலையில் மல்லிகை. கழுத்தில் தாலி. அம்மாவின் அறைக்குள் போகுமுன் கூடத்துக் கண்ணாடியில் அதையெல்லாம் வைத்துக்கொள்வார், வெளியே வந்ததும் எடுத்துவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவரைத் தினம் தினம் கல்யாணப் பெண்ணாக அலங்கரிக்கவைத்த பாவிகள் நாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதைவிட மோசம் அம்மாவின் நிலைமை. பேச்சு கொஞ்சம் குழறினாலும் கோபம் குழறவில்லை. முதலில் மகன் ஏன் போன் பேசவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அங்கே டவர் இல்லை, வேலை ஜாஸ்தி என்று சமாளித்திருக்கிறார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். "பெத்தவ கை கால் வெளங்காமக் கெடக்கா, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டான். துட்டு வந்ததும் நான் அவனுக்கு வேண்டாதவளாயிட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்த பிள்ளை. நான் சிரித்த முகத்தோடு அவள் தலையை வாரிவிட்டேன். அந்த வாரக் கடைசியில், பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா சுவரைப் பார்த்தபடி, "நான் செத்தா அவன் எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது. ஒங்க சித்தப்பன் மகன வைக்கச் சொல்லு. எனக்கு ஆம்பளப் புள்ளையே பொறக்கலன்னு நெனச்சுக்கிர்றேன்" என்றாள்.

உரித்த பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். செத்துப்போன ஒருவரை இரண்டாம் தடவை கொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுடைய உசுரைக் காப்பாற்றுகிறோம் என்று அவளுடைய பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம். வெளியே வந்து சித்தப்பாவிடம், நான் சொல்லப்போகிறேன் என்றேன். "கோட்டி புடிச்சுருச்சா ஒனக்கு? ஒங்கம்மாவுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீயா பொறுப்பு?" என்று எகிறினார். ஆமாம், நான்தான் பொறுப்பு என்றேன். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்நிய ஊரில் ஒரு மகளிடம் சொல்கிற தைரியம் சொந்த வீட்டில் அரைக்காசுக்கு உதவவில்லை. ஹியூ சொன்ன விசுவாசத்தை என்னிடம் தேடினேன், இல்லை. பயம்தான் இருந்தது. அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் போய்க் கேட்டேன். ரத்த அழுத்தம் இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது, மெதுவாகச் சொல்லுங்கள், பக்கத்திலேயே இருங்கள் என்றார்.

மறுநாள் முற்பகலில் அம்மாவுக்குத் தலையணையை உயர்த்தி வைத்து உட்காரவைத்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா உள்ளே வரவே இல்லை. அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அண்ணன் துபாய்க்குப் போகல" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணன் இல்லம்மா. நீ ஆஸ்பத்திரில கெடந்தப்பவே நெஞ்சுவலி வந்து போயிருச்சும்மா." சொல்லிவிட்டு ஒரு நர்ஸாக அவள் மூச்சை எண்ணினேன், மகளாக எண்ணிக்கையை மறந்தேன். அம்மா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "அப்ப எம்புள்ள என்னைய மறக்கல" என்றாள்.

அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. நல்ல கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "இந்த வாயால என்னென்னா பேசுனேன் எந்தங்கத்த" என்று அடித்துக்கொண்டவளைப் பிடிக்க முடியவில்லை. மதினி பதறிப்போய் ஓடிவந்தார், குங்குமம் வைக்க மறந்து வெறும் நெற்றியோடு. அம்மா அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஏத்தா ராணி, இம்புட்டு நாளா நீ எப்பத்தா அழுத?" மதினி நின்ற இடத்திலேயே, "குளிக்கும்போது தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுவேன் அத்தே" என்றார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத சத்தம் தெருவுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

அழுது ஓய்ந்ததும் அம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டாள். எம்புள்ளைக்கு என் வாசலில் கேதம் நடக்கவேண்டும், ஊர் வந்து துக்கம் கேட்கவேண்டும், தெருவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். மூன்று மாதம் கழித்தா, ஊர் சிரிக்காதா என்பார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாடகை நாற்காலிக்குச் சொல்லப் போனார். மத்தியானத்துக்குள் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மூன்று மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அல்லவா, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, அண்ணன் பட்டறையில் காசு வாங்காமல் பஞ்சர் ஒட்டிக்கொடுத்ததையெல்லாம் சொல்லி அழுதார்கள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன், அம்மாவின் நாடியைப் பார்த்தேன், வருகிறவர்களின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இல்லத்தில் துக்கப்படுகிறவர்களுக்குத் தட்டிக்கொடுக்கிற அதே தட்டு. என் கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. இங்கிலாந்தில் துக்கத்துக்கு விடுப்புக் கொடுப்பார்கள், கூட உட்கார்ந்து அழ ஆள் கொடுக்கமாட்டார்கள். எனக்கு அழுகை அங்கேயே எங்கேயோ நின்றுபோயிருந்தது.

அம்மா இதையெல்லாம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நீ ஏன்டி அடுத்த வீட்டுக் கேதத்துக்கு வந்தவளாட்டம் நிக்கிற?"

"இல்லம்மா. ஒன்னையப் பாத்துக்கணும்ல."

"என்னையப் பாக்க இம்புட்டுப் பேரு இருக்காக. நீ ஊர்ல இருந்து வந்தப்ப பெட்டிய இழுத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்த. அண்ணன் செத்த வீட்டுக்கு ஒரு பொம்பளப் புள்ள அப்படியா வரும்? அது வந்ததுல சேத்தியில்ல. போ, தெரு முனைக்குப் போயி, அழுதுக்கிட்டு வா."

எங்கள் பக்கத்தில் வெளியூரில் வாழ்கிற மகள் சாவு வீட்டுக்குத் தெரு முனையிலிருந்தே கதறிக்கொண்டுதான் வருவாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் உள்ளே இருப்பவர்கள் எழுந்து வெளியே வருவார்கள். போனேன். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. தெரு முனையில் ரீசார்ஜ் கடைக்குப் பக்கத்தில், மத்தியான வெயிலில், ஸ்கூட்டர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போக, வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பத்து நாளாக அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், துணி துவைத்துக் காயப்போட்டேன். மாடிக் கொடியில் என் துணி ஆடுவதுகூட அங்கிருந்து தெரிந்தது. என்ன சொல்லி அழுவது என்று தெரியவில்லை. அழுகிற வார்த்தைகள் எனக்கு மறந்துவிட்டன. அண்ணே என்று மட்டும் கூப்பிட்டுப் பார்த்தேன். அது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது குரல் உடைந்தது, மூன்றாம் தடவை கால் தானாக நடந்தது. வீடு நெருங்க நெருங்க நான் போட்ட சத்தம் என்னுடையதுதானா என்று தெரியவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். தினமும் என்னோடு பால் வாங்க வரிசையில் நின்ற எதிர்வீட்டு அக்காள் தலைவிரிகோலமாக ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"இப்பத்தான் வந்தியா தாயி? இப்பத்தான் வந்தியா?"

"ஆமாக்கா," என்றேன். "இப்பத்தான் வாரேன்."